விரலால் அடைத்த கேஸ்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? எழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருந்தால் பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

டாக்சியில் ஏசி நின்றுவிட்டது. "ஏசி இல்லாத வண்டில எவன் ஏறுவான்? நீயே சரி பண்ணிட்டு வா" என்றார் முதலாளி. மெக்கானிக் கூலி நமக்குக் கட்டுப்படியாகாது. ஏசிக்குள் அடைக்கும் கேஸ் டப்பா வாங்கி, வீடியோ பார்த்து நானே ஏற்றினேன். முடியும் நேரத்தில் குழாய் கழன்று சீறியது. காசு போட்டு வாங்கியது வீணாகிறதே என்று, நம் வீட்டுக் குழாய் ஒழுகினால் அடைப்பதுபோல் விரலால் அடைத்தேன். "கைய எடுடா, பைத்தியமே" என்று அறையில் கூட இருப்பவன் இழுத்துவிட்டான். வலிக்கவே இல்லை. இரண்டு விரல் மட்டும் உறைந்து மெழுகுபோல் வெளுத்துவிட்டது. நீ இந்த ஊர் வெயிலுக்குப் பயந்தாய். என்னைச் சுட்டது குளிர். அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடு.

மிச்ச வேலையை முதலாளி மெக்கானிக்கிடமே கொடுத்து முடித்தாராம். ஏசி நன்றாகக் குளிர்கிறதாம். வண்டியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார்.

விரல்கள் கறுத்திருக்கின்றன. "பாக்கலாம்" என்கிறார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

யாராவது இங்கே வந்தால் பொத்தான் இல்லாத சட்டை இரண்டு கொடுத்தனுப்பு.

நர்ஸ் கூப்பிடுகிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்து வரை எண்ணச் சொன்னால், "அப்பா விரல்லதான் எண்ணுவேன்" என்று பாப்பா அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாய். அவள் விரலிலேயே எண்ணப் பழக்கு.

பாப்பாவின் அப்பா