பாய் அறையில் பச்சைச் செருப்பு

அன்புள்ள அக்காவுக்கு, அப்பாவும் அம்மாவும் எழுதச் சொல்லி, இந்த வீட்டின் சம்பளமில்லா எழுத்தரான உன் தங்கை எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம், அப்பாவின் கோபம்தான் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டது, ஏனென்று கீழே வருகிறது. அங்கே நீயும், நீ வருடக்கணக்காக ‘சும்மா ஃப்ரெண்டு’ என்று சொல்லிவந்த அத்தானும் நலம்தானே? அப்பா சொல்ல நான் எழுதுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவர் ‘அன்புள்ள மகளுக்கு’ என்று தொடங்கிவிட்டு எழுந்து எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார், அம்மாதான் நீயே நடந்ததை நடந்தபடி எழுதுடி, கண்ணு மூக்கெல்லாம் வைக்காதே என்றாள். வைக்கமாட்டேன், இந்தக் கதைக்குக் கால் மட்டும் போதும்.

ஜப்பானுக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து இங்கே யாரும் பழைய ஆள் இல்லை. அம்மா ஆபீசுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பாவை நீ வாங்கிக்கொடுத்த சதுரத் துணியில்தான் கட்டுகிறாள், முடிச்சு ஒரு நாள் முயல்காது மாதிரி, ஒரு நாள் பூ மாதிரி, அவிழ்க்க மனசு வராமல் பக்கத்து மேசைக்காரியின் டப்பாவில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். சாப்பிடும் முன் ஜப்பானியர்போலக் கைகூப்பி ‘இததாகிமாஸ்’ சொல்லாதவருக்குத் தட்டு வராது, ஏம்மா என்றால், சமைச்சவளுக்கு ஒரு மரியாதை, கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வீட்ல யாராவது சொல்லியிருக்கீங்களா என்கிறாள். அப்பா தன் கடையில் மூக்குக்கண்ணாடியை இரண்டு கையாலும் நீட்டி இடுப்புவரை குனிகிறார், ஒரு பெரியவர் பயந்துபோய், சார் பார்வை அவ்வளவு மோசமாயிடுச்சா என்று கேட்டாராம். இப்படி ஜப்பானில் எல்லாமே அப்பாவுக்குப் பிடிக்கும், ஒரே ஒரு மனிதரைத் தவிர. அத்தானின் அப்பா. அதாவது நம் கொக்கு மாமா.

பனியில் கொக்குகள் ஆடுவதைக் காட்ட விடியும் முன்பே நம்மை வண்டியில் அழைத்துப்போனாரே, அவர் மேல் என்ன கோபம் என்று கேட்பாய். அன்று திரும்பிவந்து அவர்கள் வீட்டுப் பாய் விரித்த அறையில் இருந்தபோது, நீயும் அத்தையும் சமையலறையில், அத்தான் வெளியே வண்டியிலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்பா கழிவறைக்குப் போய்வந்து கேமராவைத் திறந்து பறவைகளைக் காட்ட ஆரம்பித்தார், மாமா தலையாட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நான் காட்டிக்கிட்டிருக்கும்போதே எழுந்து போறாரு, நம்மள எவ்வளவு மதிக்கிறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு, இதுல சம்பந்தம் வேற கேக்குதா என்று அன்றிலிருந்து இவர் படம் காட்டுகிறார். உன் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று நீ ஒவ்வொரு முறை கேட்டபோதும் அப்பா பேச்சை மாற்றியது இதனால்தான். வேற்று நாட்டுப் பையன் என்பதால் இல்லை அக்கா, பாதியில் விட்ட கொக்கால்.

போன ஞாயிறு கடைச் சுவருக்கு ஒரு கொக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். மூன்று பேர் எடுத்ததையும் கம்ப்யூட்டர் நேரப்படி ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறது. அப்பா எடுத்ததில் கொக்குகள் எல்லாம் முதுகு காட்டுகின்றன, அதுங்களும் நம்மள மதிக்கல போல என்றேன், முறைத்தார். நான் எடுத்தது முழுக்கக் கழிவறை, அத்தனை பொத்தான் வைத்த ஆசனத்தை விடுவேனா, கீழே இருந்ததை எடுத்தேன், மாடியில் இருந்ததையும் எடுத்தேன். அம்மா எடுக்கும் படத்தில் தலை இருக்காது, கால் தப்பாது, உனக்கே தெரியும். அப்படி ஒரு படத்தில் பாய் மேல் இரண்டு ஜோடிக் கால்கள், மாமாவுக்கு வெள்ளைக் காலுறை, அப்பாவுக்குப் பச்சை நிற ரப்பர் செருப்பு. பாய் அறைக்குள் செருப்பே கூடாது என்று வாசலிலேயே நீ வகுப்பெடுத்தாயே, இது எங்கேர்ந்துங்க வந்துச்சு என்று அம்மா கேட்க, நான் என் படத்தைப் பின்னால் தள்ளிக் காட்டினேன். கீழ்க் கழிவறை வாசலில் அதே பச்சைச் செருப்பு, கழிவறைக்குள் மட்டுமே போட வேண்டியது.

அம்மா சிரித்ததில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. முகம் கறுத்து, அதான் எழுந்து போயிருக்காரு, அருவருப்பா இருந்திருக்கும், இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்ககிட்ட பேசறது, இந்தப் பேச்சையே விட்டுடலாம் என்றார். போச்சு அக்கா, உன் கல்யாணத்தை நானே பொத்தான் அமுக்கித் தண்ணீர் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பேச்சை மாற்ற அடுத்த படத்துக்குப் போனேன். அம்மா எடுத்ததுதான், தலையில்லை, மாமா மாடியிலிருந்து திரும்பிவந்த பிறகு எடுத்தது. அப்பா காலில் பச்சை. மாமா காலில் மஞ்சள். என் மாடிக் கழிவறைப் படத்தைத் திறந்தோம், அங்கே இருந்தது மஞ்சள்.

அம்மாதான் மெதுவாக, விருந்தாளி தனியா தப்பு பண்ணக்கூடாதுன்னு தானும் போய்ச் செருப்பை மாட்டிக்கிட்டு வந்திருக்காருங்க, தன் வீட்டுப் பாய் மேலயே என்றாள். அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், பறவையின் கண்ணைத் தேடுவதுபோல அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தப்புறம் எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டாரு தெரியுமா, ஒரு கொக்கு விடாம பார்த்தாரு என்றார்.

அம்மா சொல்லச் சொன்னது: குளிரில் காதை மூடிக்கொண்டு போ, இருமலை இழுத்துக்கொள்ளாதே, அத்தையிடம் எங்கள் அன்பைச் சொல். அத்தான் தமிழ் படிக்கிறாராமே, ஆகவே இதைப் படித்ததும் கிழித்துவிடு. காரணம் அப்பாவே எழுதுவார், இதோ பேனாவைப் பிடுங்கிவிட்டார்.

மகளே, சம்பந்தி என் காலைப் பார்த்தது எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதே. உங்கள் இருவரிடம்கூட அவர் மூச்சு விடவில்லை போலிருக்கிறது, எனக்கும் தெரியாமலே இருக்கட்டும். கல்யாணத் தேதியை அவர்களே பார்க்கட்டும், எங்களுக்கு எந்த நாளும் சம்மதம். இத்தனை நாள் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். என்றைக்காவது அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், அறையில் குளிர் அதிகம், எங்கள் இருவருக்கும் கால் சில்லிட்டது, அவ்வளவுதான் அப்பாவுக்கு நினைவிருக்கிறது என்று சொல். இருவரும் நிறைவாக வாழுங்கள்.

உன் அப்பா