உட்கார்ந்து போகச் சொல்கிறார் டாக்டர்

சாந்தோம், சென்னை-4
ஆகஸ்டு 1974

அன்பு மகன் இக்னேஷியஸுக்கு, உன் அப்பா எழுதிக்கொண்டது. சேசுவுக்குத் தோத்திரம். பிலாயில் நீயும் மருமகள் மர்சலினும் நல்ல சுகத்தோடு இருக்க மாதா துணை. இங்கே உன் அம்மா சுகம், பக்கத்து வீட்டு எருமை சுகம், கன்றுகூடப் போட்டிருக்கிறது. சுகமில்லாதது நான் ஒருத்தன்தான். இந்தக் கடிதத்தை மர்சலினிடம் காட்டாதே, மாமாவுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று சொல், பெரிய பொய்யில்லை, தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால் ஒரு வருஷமாகவே எனக்கு ஒன்றுக்குச் சரியாகப் போவதில்லை. நூல் மாதிரி வரும், நிற்கும், முக்கினால் மறுபடி சொட்டும். பட்டினப்பாக்கம் மீன் கடையோரம் சுவரைப் பார்த்து நிற்கும்போது நம் வெள்ளைச்சாமி எனக்குப் பிறகு வந்து எனக்கு முன்னால் முடித்துவிட்டு, இன்னா நைனா, செவுத்துல கோலம் போட்டுகினு கீறியா என்பான். ஆமாண்டா, இப்பத்தான் புள்ளி வெச்சிகினு கீறேன் என்பேன். இப்படிச் சிரித்தே ஓட்டிவிட்டேன். உன் அம்மாவுக்குத் தெரிந்ததும் சூடு என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய், போதாததற்கு இளநீர், பார்லித் தண்ணீர், நீர்மோர். கீழே வழி அடைத்திருக்கிறது, அவள் மேலே ஊற்றுகிறாள், நானும் நல்ல பிள்ளையாய்க் குடிக்கிறேன். ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு, பூசையில் பிரசங்கம் நடக்கும்போதே அடிவயிறு கல்லாகிவிட்டது. வெளியே ஓடினேன், ஒரு சொட்டு வரவில்லை. ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அந்த ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் இப்போது எனக்குச் சொந்தக்காரன். ரப்பர் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஏறவில்லை, கடைசியில் வயிற்றில் ஊசி குத்தித்தான் எடுத்தார்கள். அப்போது வந்த நிம்மதியை எந்தச் சாமியாரும் எனக்குத் தந்ததில்லை.

டாக்டர் ஜவஹர் என்று பெயர், உன் வயசுதான் இருக்கும். அம்மாவை வைத்துக்கொண்டே, பெரியவரே, வயசுக் காலத்துல வெட்டை நோய் ஏதாச்சும் வந்துச்சா என்று கேட்டுவிட்டார். உன் அம்மா பார்த்த பார்வைக்கு ஊசியே மேல். இல்லை என்றதும், எங்கயாச்சும் ரெண்டு காலையும் விரிச்ச மாதிரி விழுந்தீங்களா என்றார். உன் அம்மாதான் சொன்னாள், மாதா திருநாளுக்குத் தோரணம் கட்டப் போய் ஏணி வழுக்கிக் கோயில் பெஞ்சு முதுகின் மேல் குதிரை ஏறினதை. நீயும் பார்த்தாய், எல்லோரும் சிரித்தோம், கொஞ்சம் ரத்தம் வந்தது, நின்றது, மறந்துவிட்டோம். அந்தக் காயம்தான் உள்ளே தழும்பாகி வருஷக்கணக்காக வழியை இறுக்கியிருக்கிறது. நுனி வழியாக மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார், நடுவில் ஓர் இடம் எறும்பு இடுப்பு.

அப்புறம் வளைந்த கம்பிகள். மரத்துப்போகிற மருந்து தடவி மெல்லிசில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்த கம்பியாக விட்டு வழியை விரித்தார்கள். அதைப்பற்றி எழுதமாட்டேன், நீ சாப்பிடுகிற நேரமாக இருந்தாலும் இருக்கும். ஆனால் தாரை வந்தது, வெள்ளைச்சாமியையே ஜெயித்தேன். மாசாமாசம் வரணும், விட்டா மறுபடி சுருங்கிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நன்றாகப் போகும்போது வலியப் போய் யார் கம்பி வாங்குவது என்று நான் போகவில்லை. போன வாரம் அடைத்துக்கொண்டது, குளிர்ஜுரத்தோடு. கம்பியும் ஏறவில்லை. அடிவயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து, கட்டிலோரம் ஒரு பாட்டிலில் விட்டிருக்கிறார்கள்.

இனி ஆபரேஷன்தானாம். முதலில் இறுக்கமான இடத்தைத் திறந்து ஆற விடுவார்கள், மறுபடி ஒரு ஆபரேஷன் செய்து மூடுகிற வரைக்கும் சில மாசம் தொடையிடுக்கில் திறந்த அந்த வழியாக உட்கார்ந்துதான் போகவேண்டும். பொம்பளை மாதிரி குந்திப் போவதற்குச் செத்தே போகலாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு வந்திருக்கும் அப்துல் கரீம் பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்க பொறந்ததுலேர்ந்து குந்தித்தான் போறோம் ராஜநாயகம், எங்கள்ல எவன் பொம்பளையாப் பூட்டான், சொல்லு பாக்கலாம் என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்த பிறகுதான் தெரிந்தது, வெட்கம் வெட்கம் என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் வெட்கமே இல்லை, மேஜையில் படுத்தால் எழுந்திருப்பேனா என்கிற பயம். டாக்டரைக் கூப்பிட்டுச் சரி என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடியில் வைத்து எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருந்தால் அதனால்தான், என் படிப்பைக் குறை சொல்லாதே.

நீ உருக்காலை ஷிப்டில் அடக்கி வைக்காதே. தாரை மெலிந்தால் டாக்டரிடம் போ, சுண்ணாம்புக்கு வெற்றிலை போதும். உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம், மாதா காப்பாற்றுவாள். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. ரயில் ஏறி வந்துவிடு. உன் அம்மா அழுதுகொண்டிருப்பாள், அவளைக் கேலி செய்ய முடியாது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் நீ நின்றால், உன் முன்வழுக்கையைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவேன்.

உன் அப்பா,
ராஜநாயகம்