மலைய விட்டு எறங்கி எங்க போறது

பசறை
வியாழக்கெழம

மகன் துஷாந்துக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நாங்க உசுரோட இருக்கோம், இப்போதைக்கு அதையே சொகம்னு வச்சுக்க. நோர்வேல ஒனக்குக் குளிரத் தவிர வேற கொறை இருக்காது, அதனால கேக்கல. போன்லயே சொல்லலாமேன்னு நெனப்ப. போன்ல நான் ரெண்டு வார்த்த சொல்றதுக்குள்ள நீ நடுவுல பூந்து வெளக்கம் குடுக்குற, கோவம் வந்தா லைன் சரியில்லன்னு வச்சுப்புடுற. கடுதாசிய நடுவுல வெட்ட முடியாது. ஒன் தங்கச்சி தயானி இதப் படம் புடிச்சு அனுப்புவா, கெடைக்கலன்னும் சொல்ல முடியாது. எனக்கு எழுத்துப் பிழை வரும், நான் பள்ளிக்கூடம் போகாதவ, பஸ் போர்டப் பார்த்து எழுத்துக் கூட்டுனவ. ஒனக்கு வந்தது எழுத்துப் பிழை இல்ல.

போன வருசம் என்ன சொன்ன? மண்ணு சரியப்போகுதுன்னா முன்னாடியே போனுக்குச் சேதி அனுப்புற ஆப் ஒன்னு இருக்கு, ஓப்பன் சோர்ஸ், காசு கெடையாது, ஒலகத்துல யாரும் எழுதலாம் யாரும் திருத்தலாம், எல்லாருக்கும் சொந்தம், அதுல தமிழ எழுதுனது நான்தான்னு சொன்ன. நான் தோட்டத்துல லயம் லயமா, வரிசை வீடு ஒன்னு விடாமப் போயி எல்லார் போன்லயும் போட வச்சேன். பக்கத்து வீட்டு கருப்பம்மா அக்கா வேணாம்னுதான் சொன்னா, ஏற்கனவே வீட்டுல கத்துறதுக்கு ஆளிருக்கு, போனும் கத்தணுமான்னா. என் மகன் எழுதுனதுன்னு அடம்புடிச்சு நான்தான் போட வச்சேன். நீ தவழுற வயசுல நான் வேலைக்குப் போனா ஒனக்குப் பால் ஆத்திக் குடுத்தவ அவதான், அதையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்க.

போன மாசம் மூணு நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில மழைக்கு இடுப்புல படங்கக் கட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தப்பக்கம் பன்னெண்டாம் நம்பர் மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு நிக்கிறோம், எல்லார் போனும் ஒன்னாக் கத்துச்சு. உடனடியாக மலையை விட்டு இறங்கவும்னு போட்டிருந்துச்சு. மலைன்னா நமக்கு என்னடா? கொழுந்தெடுக்குற எடம். மலைக்குப் போறேன்னா வேலைக்குப் போறேன்னு அர்த்தம், மலைய விட்டு எறங்குன்னா கூடையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போன்னு அர்த்தம். அப்பா மலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிச் சொல்லித்தான் ஒன்ன வளர்த்தேன், அவரு என்ன சாமி கும்புடவா போனாருன்னு நெனச்ச? கங்காணி பொன்னையாவும் போங்கன்னுட்டாரு. அந்த மனுசன் லேசுல விடுற ஆளில்ல, சொந்த மக கல்யாணத்தன்னிக்கே காலையில மலைக்கு வந்து ஆள நிறுத்திட்டு, சேத்துக் காலோட மணவறைக்கு ஓடுனவரு, சம்பந்தி வீட்டுக்காரங்க இன்னிக்கும் அதச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அப்பேர்ப்பட்டவரே விட்டுட்டாரேன்னு சந்தோசமா லயத்துக்கு வந்து அடுப்ப மூட்டி ரொட்டி தட்டிக்கிட்டிருக்கோம், பின்பக்கத்து மண்ணு வந்துருச்சு. நாங்க நின்ன மலையில ஒரு கல்லு உருளல. நீ எறங்கச் சொன்னதால வந்தோமே, அந்த எடத்துலதான் விழுந்துச்சு. மூணு வீட்டுப் பின்செவரு போச்சு. அக்கா கால் அதுக்கடியில. பதுளை ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. பார்க்கப் போனேன், என் மொகத்தப் பார்த்து ஒன்னே ஒன்னுதான் கேட்டா.

"ஒன் மகன் எங்கள எங்கடி போகச் சொன்னான்?"

வீட்டுச் செவரு போனதுலருந்து தயானியும் அவ கைப்பிள்ளையும் நானும் இன்னும் ஸ்கூல்லதான் இருக்கோம், சன்னல் கம்பியில தொட்டில் கட்டியிருக்கு, பிள்ளைக்குச் சளி.

ஒன்கிட்டச் சொன்னா, அகராதியில மலைன்னா மலைதான், ரெண்டு பேரு பார்த்து ஒத்துக்கிட்டாங்கங்குற. அந்த ரெண்டு பேரும் எந்த மலையில கொழுந்தெடுத்தாங்க? மாத்துடான்னா, லயம்னு போட்டா மத்த ஊருக்காரங்களுக்கு வெளங்காதாம், பேச்சுத் தமிழ ஏத்துக்க மாட்டாங்களாம், பொறுக்கணுமாம். எல்லாருக்கும் சொந்தம்னியே, அப்ப இந்தத் தப்பு யாருக்குடா சொந்தம்? யாரும் திருத்தலாம்னும் சொன்னியே, சரி, நாங்க திருத்திட்டோம். நேத்துக் காலையில பேர் கூப்புடுற பெரட்டுல எல்லாருமாக் கூடிச் சொன்னது இது, ஒரு எழுத்த மாத்தாமப் போடு. மண் சரியப் போகுது, லயத்துல நிக்காதீங்க, பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. ஸ்கூலுக்கு ஓடுங்கன்னுதான் மொதல்ல சொன்னாங்க, ஈரத்துல வழுக்கி விழுவாங்கன்னு பொன்னையா மாத்துனாரு. ஒனக்கு ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க, இங்க முப்பத்தியொரு பேரு ஒத்துக்கிட்டாங்க.

அக்காவுக்குப் பழம் வாங்கிக் குடுங்கன்ன, நான் வாங்கல, ஒன் பேரச் சொல்லிக் குடுக்க எனக்கு வாய் வரல. பாதிப் பேரு ஆப்ப அழிச்சுட்டாங்க, மிச்சப் பேரு கத்துனாலும் திரும்பிப் பார்க்குறதில்ல. ஞாயித்துக்கெழமைக்கு மறுபடி பெரிய மழைங்குறாங்க. நீ மாத்துற வரைக்கும், அது கத்துனா நான் லயம் லயமா ஓடி, என் மகன் எழுதுனத நம்பாதீங்க, வெளிய வாங்கன்னு சொல்லப்போறேன். நம்ப வச்ச வாயாலயே அதையும் சொல்றேன்.

மாரியம்மா ஒன்னக் காப்பாத்தட்டும். குளிருக்குக் காத மூடிக்க, ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி மாத்திடு. லயம்னு எழுத எந்த ல-ன்னு சந்தேகம் வந்தா அகராதியப் பார்க்காத, என்கிட்டக் கேளு.

இப்படிக்கு,
இன்னும் ஒனக்கு அம்மாவா இருக்குற
விஜயலெட்சுமி