பேச்சுக்கு இரண்டு வழி

ஜூன் 18, புதன்
அம்மா தூங்கியாயிற்று. அப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கை கொஞ்சம் அசைகிறது. பேச்சுத்தான் இல்லை. எதைக் கேட்டாலும் "தா... தா..." காந்திபுரம்–அன்னூர் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்தி வந்த மனுஷர். இனிமேல் பேசவே மாட்டாரோ? அம்மாவிடம் கேட்டால் அழுதுவிடுவார்.

ஜூன் 22, ஞாயிறு
அப்பா கையிலிருந்து டம்ளர் விழுந்தது. "அட எழவே!" என்றார், அவ்வளவு தெளிவாக! எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அம்மாவின் அண்ணன் கதிரேசன் மாமா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.
"பாத்தியா புவனா? வைய மட்டும் வாய் வருது, பேச வராதா? மாப்ள நடிக்கறாரு. கேட்டாத்தான் சோறுன்னு சொல்லு, தன்னால பேசுவாரு."

ஜூன் 23
அம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "காப்பின்னு சொல்லுங்க, தர்றேன்." அப்பாவின் வாய் கோணியது. வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.
நடிக்கிறவங்க இப்படியா அழுவாங்க? பயமா இருக்குது. அப்பா உள்ளயே மாட்டிக்கிட்டாரு.

ஜூலை 4, வெள்ளி
ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் சாஜிதா பேகத்திடம் மாமா சொன்னதைச் சொல்லிவிட்டேன். "நடிப்பில்லம்மா. வசவு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது, பழகுன பேச்செல்லாம் வேற வழியா வரும். யோசிச்சுச் சொல்ற வார்த்தைக்குத்தான் மூளையில அடிபட்ட அந்த இடம் வேணும்."
வீட்டுக்கு வந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். 'காப்பி' என்று சொல்ல, மூளை வார்த்தையை எடுத்து, ஒலிகளை வரிசையாக்கி, நாக்குக்கும் உதட்டுக்கும் தொண்டைக்கும் கட்டளை அனுப்புகிறது. சத்தம் எப்படி வரவேண்டும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, காதில் விழுவதோடு ஒப்பிட்டுத் திருத்தவும் செய்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள்! விஞ்ஞானிகள் கட்டம் கட்டி அம்பு போட்டு வரைந்திருக்கிறார்கள். ஒருவர் படம்போல் இன்னொருவர் படம் இல்லை. பழகிய பேச்சு மூளையின் அடிபடாத வலது பக்கத்திலிருந்து வருகிறதா, ஆழத்திலிருந்தா? அதிலும் இன்னும் வாதம். இத்தனை வேலையா நடக்கிறது, நான் பாட்டுக்கு வாயாடும்போது!

ஜூலை 5
அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "காந்திபுரம், கணபதி..." என்று கூவினேன்.
"சரவணம்பட்டி, கோவில்பாளையம், கணேசபுரம், அன்னூர்!" அதே கண்டக்டர் குரல்!
அம்மா ஓடிவந்தார். "ஏனுங்க, என்னைக் கூப்புடுங்க பார்க்கலாம்."
"தா..."
காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டமும் அம்பும் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். ஒவ்வொரு அம்பாக விரல் வைத்துப் பார்த்தார்.
"அப்ப... காப்பியக் குடுக்காம நின்னனே, கண்ணு."

ஜூலை 6
மாமா வந்தார். அம்மா வாசலிலேயே, "அண்ணா, அவரு நடிக்கலீங்க. அந்தப் பேச்சு இனி இந்த ஊட்டுல வேண்டாமுங்க."

ஜூலை 21
தினமும் பயிற்சி. இன்றும் "தா".

ஆகஸ்ட் 9, சனி
ராத்திரி ரசம் சோறு. ஒரு வாய் வைத்ததும் அப்பா முகம் சுளித்தார். உதடு குவிந்தது, நின்றது, மறுபடி குவிந்தது.
"உ... உப்பு."
யாரும் முதலடி எடுத்துக் கொடுக்கவில்லை. அவராகத் தேடி எடுத்த வார்த்தை.
அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு, "டாக்டர் கொறைக்கச் சொல்லியிருக்காருங்க."
"உப்பு."
"போட மாட்டேனுங்க."
"உப்பு!"
"மாட்டேன்னா மாட்டேன்."
இரண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வருகிறது.