கட்டை கிடக்காம், மச்சான்

மச்சான், இன்றைக்கு விடியத் தோணியைத் தள்ளும்போது உன் பழைய துடுப்புக் கையில் வந்தது. உன் பெருவிரல் தேய்த்த குழி பிடியில் அப்படியே இருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நுனிவால் இல்லாத அந்தப் பெரிய முதலையை ஒரு மாதமாகத் தேடுகிறேன். நாவற்குடாப் பக்கம் தண்ணீருக்குள் வேர் விட்ட கண்ணாமரங்களுக்குக் கீழே, சேற்றில் வாயைத் திறந்துகொண்டு வெயில் காயுமே, அதைத்தான். கண்டதும் நீ துடுப்பை நிறுத்துவாய். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைப்பாய். "என்ன வடிவா இரிக்கான் பாருடா" என்பாய். ஒருநாள் நான் ஆர்வத்தில் "முதலை!" என்று கத்திவிட்டேன். அது தண்ணீருக்குள் போய்விட்டது. மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "ஆத்துக்க வச்சு அந்தப் பேரச் சொல்லாத. கட்டை எண்டு சொல்லு" என்றாய். அதன் பிறகு தண்ணீரில் வைத்து நான் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தானே கேட்டாய்? "கட்டை இன்னும் கிடக்கா எண்டு பாத்துச் சொல்லு மச்சான்." பார்த்து வருவதற்குள் போய்விட்டாய்.

இப்போது வலை போடுகிறவர்களுக்கு அந்தப் பேச்சுத் தெரியாது. "கட்டை கண்டயா தம்பி?" என்று கேட்டால் மெய்யான கட்டையைக் காட்டுகிறார்கள். ஒருவன் விறகுக்கென்று நினைத்து, ஊறிப்போன பூவரசங்கட்டை ஒன்றை என் துறைவரைக்கும் இழுத்துவந்து போட்டான். எனக்கு வந்த ஆத்திரம்! "முதலை எண்டு கேட்டா என்னப்பா?" என்கிறாள் மகள். வாய் வந்தால்தானே.

முந்தாநாள் காலை, அந்தக் கண்ணாமரத்தடியில் வலை இழுத்தவன் கூப்பிட்டான்.

"பெரியப்பா, அந்தா ஒரு கட்டை கிடக்கு. விலத்திப் போங்க."

"போடா, நீயும் உன்ர கட்டையும்!" திரும்பியும் பாராமல் துடுப்புப் போட்டேன்.

முதுகுக்குப் பின்னால் அலறினான்: "ஐயோ, முதலை!"

சொல்லிவிட்டானே, பாவி! திரும்பினேன். தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது.

"வாலப் பாத்தயாடா? நுனி இரிந்திச்சா?"

"வாலையா? நான் காலைத் தூக்கிக்கொண்டு நிண்டன்!"

நேற்றும் இன்றும் அங்கேயே காத்துக் கிடந்தேன். வரவில்லை. வெயில்தான் ஏறியது. பக்கத்திலே கிடந்ததைக் கோபத்தில் பாராமல் விட்டேனே. அது நம்முடையதுதானா என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. உன் துடுப்பும், நீ சொல்லித்தந்த அந்த ஒரு சொல்லும்தான் என்னிடம் இருக்கின்றன. நான் காணவில்லை, கண்டவன் சொன்னான்.

கட்டை கிடக்காம், மச்சான்.