இத்தோவின் எடைக்கு அடித்த காற்று

ஜனவரி 20, ஞாயிறு

சந்தை நாள். கணவாய் முழுக்கப் பனி, வெளிநாட்டுக்காரன் ஒருத்தன்கூட இல்லை. ஆனாலும் என் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். (சரி, நான்கு பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.) வாடகைக்கு விடும் மலைச் சைக்கிள் அத்தனையையும் பிரித்துப் போட்டிருக்கிறேன். அட்லஸ் மலையின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எங்கே தேடினாலும், செயின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தக் கண்ணி தேய்ந்தது என்று சொல்கிற ஆள் இந்த ஹம்மு ஒருவன்தான். பிரான்சிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழவில்லை என்றாலும் கண் கலங்கியது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

மத்தியானம் இத்தோ வந்தாள். என் தங்கை யம்னாவின் மகள். நான்கு வருஷமாகக் கணவாய்ப் பாதையில் பயணிகளைக் கூட்டிப்போகிறவள் அவள்தான். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று இலையுதிர்காலத்தில் பெனி மெல்லால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்து கடைக்குள் கால் வைத்தது இன்றுதான்.

"மாமா, பனி விலகினதும் முதல் இறக்கம் நான்தான். வண்டியைத் தயார் பண்ணி வைங்க."

முதல் இறக்கம் என்றால் எங்கள் ஊரில் சும்மா இல்லை. வருஷத்தில் முதலில் கணவாயிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர், மேலேயிருந்து ஒரு துணி நிறையப் பனியை மூட்டை கட்டி, உருகுவதற்குள் கொண்டுவந்து தன் அம்மாவின் மோர்ப்பானையில் போட வேண்டும். நான்கு வருஷமும் இத்தோதான் போட்டாள். பாதிக்கு மேல் உருகவிட்டதில்லை.

"வண்டி தானா ஓடும்டி, நீ மேல உட்கார்ந்தா போதும்" என்றேன்.

ஜனவரி 21

இன்று அவளை ஏற்றி அளவு பார்த்தேன்.

இந்தச் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் சுருள்கம்பி கிடையாது. உள்ளே இருக்கும் காற்றுதான் ஆளைத் தாங்குகிறது. ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி அடிக்க வேண்டும். ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆள் ஏறினால் ஃபோர்க் அமுங்கி வளையத்தை மேலே தள்ளும். இறங்கிய பிறகு வளையம் போன இடத்திலேயே நிற்கும். அது நிற்கிற இடம்தான் கணக்கு. இத்தோவுக்கு எங்கே நிற்கும் என்று போன வருஷமே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். (ஆணியால் கீறினால் எண்ணெய் கசியும். இது தெரியாதவனெல்லாம் மராகேஷில் பெரிய கடை வைத்திருக்கிறான்.)

அடித்தது போன வருஷக் காற்றேதான். ஏறினாள். இறங்கினாள். வளையம் கோட்டுக்கு ஒரு விரல் கீழேயே நின்றுவிட்டது.

அவள் முக்காட்டைச் சரிசெய்ய அந்தப் பக்கம் திரும்பினாள். நான் கட்டைவிரலால் வளையத்தை மேலே தள்ளிவிட்டேன்.

"பாரு! கோட்டிலேயே நிக்குது. நீ ஒரு கைப்பிடி மாவு அளவுகூடக் குறையல!"

"அப்படியா மாமா?" என்றாள்.

கையைத் துணியில் துடைத்தேன். கிரீஸ்தான்.

ஜனவரி 23

யம்னா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "சைக்கிளே சொல்லிடுச்சு, எம் பொண்ணு எடை குறையல. மருந்து வேலை செய்யுது." எனக்கு வாற்கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். நல்ல வெண்ணெய்.

பிப்ரவரி 3, ஞாயிறு

இத்தோவின் விரல்களில் பலம் இல்லை. பிரேக்கை இழுக்க இரண்டு விரல் போதாமல் நான்கையும் போடுகிறாள். நான் பார்க்காத மாதிரி பெடலுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்தேன். முன்சக்கரத்துக்குப் பெரிய பிரேக் தட்டு போட்டால் கொஞ்சம் இழுத்தாலே பிடிக்கும். தட்டைக் கவ்வும் கட்டையையும் மாற்ற வேண்டும். உலோகக் கட்டை நாள்பட உழைக்கும், ஆனால் சூடேறிய பிறகுதான் கவ்வும். மெதுக்கட்டை சீக்கிரம் தேயும், ஆனால் முதல் தொடுதலிலேயே பிடிக்கும். இவளுக்கு மெதுக்கட்டை. சீக்கிரம் தேய்ந்தால் தேயட்டும், எத்தனை நாளைக்கு—

பிரேக் பிடியைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று முன்பல்சக்கரத்தையும் சின்னதாக மாற்றினேன்.

பெரிய தட்டுக்கு எங்கே போவது? கோவேறு கழுதைக்காரன் பாஸ்ஸுவிடம் கேட்டேன். அவனும் ஒரு சைக்கிள் வைத்திருக்கிறான். அவன் ஓட்டுவதைப் பார்த்தால் கழுதையே சிரிக்கும்.

"யோவ் ஹம்மு, போன மாசம் உன் கடையில நூறு தட்டு இருக்குன்னு அளந்தியே?"

"எல்லாம் வித்துப்போச்சு."

"உன் வாய்க்கு ஒரு பிரேக் போடணும்யா. இந்தத் தட்டெல்லாம் பத்தாது, அதுக்கு மாவரைக்கிற கல்லுதான் வேணும்."

ஆனால் சாயங்காலம் அவனே வந்தான். தன் சைக்கிளிலிருந்து கழற்றிய தட்டை, அதைப் பொருத்தும் துண்டோடு, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். விரல் எண்ணெய் பட்டால் பிரேக் கெட்டுவிடும் என்று விளிம்பைப் பிடித்துத்தான் கொடுத்தான். நான் சொல்லிக்கொடுத்ததுதான். எப்போது சொல்லிக்கொடுத்தேன் என்று ஞாபகம் இல்லை.

"அப்ப நீ எப்படி ஓட்டுவே?"

"கழுதை இருக்குல்ல" என்று போய்விட்டான்.

பிப்ரவரி 9

புதுக்கட்டை வந்த உடனே பிடிக்காது. பழக்க வேண்டும். மசூதிச் சரிவில் வேகமாக விட்டு, அழுத்தி, முழுக்க நிற்பதற்குள் விட்டு, மறுபடியும் வேகம். இத்தோவின் சைக்கிளில் நானே ஏறிப் பழக்கினேன். கடைசித் தடவை பிரேக் கவ்விய கவ்வில் முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. வாதுமை மரத்துக்கு மேலே பறந்து முள்வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு காலில் நின்றேன். பார்த்த பெண்கள் கை தட்டினார்கள்.

முழங்கையில் யம்னா மருந்து வைத்துக் கட்டினாள். "ரெண்டு கால்லயா நின்னே?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 15, வெள்ளி

தொழுகையும் வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸ் சாப்பாடும் முடிந்தபின் இத்தோ வந்தாள். சாப்பிட்டேன் என்றாள். அவள் வருவதற்கு முன்பே ஃபோர்க்கில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தேன். லேசான ஆள் ஏறினாலும் வளையம் கோட்டுக்குப் போய்விடும், இந்தத் தடவை தள்ள வேண்டிய வேலையில்லை என்று.

ஏறினாள். இறங்கினாள்.

கோட்டுக்குக் கீழே.

குறைத்தும் கீழே.

இந்தத் தடவை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பம்ப்பு சரியில்லை என்றேன். அதன் அளவு ஊசி பொய் காட்டுகிறது என்றேன். குளிரில் காற்று சுருங்கும் என்றேன். சுருங்கினால் வளையம் மேலே அல்லவா போகும் என்று அவளுக்குத் தெரியாதா?

மார்ச் 2

இன்றும் காற்றைக் குறைத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

கணவாயில் பனி இளகுகிறது. மேலே போன இடையர்கள் சொன்னார்கள்.

யம்னா விடமாட்டேன் என்கிறாள். "இப்பத்தான் உடம்பு தேறி வருது. அடுத்த வருஷம் இறங்கட்டும், யார் வேண்டாம்னா? எடை குறையலன்னு நீதானே அண்ணே சொன்னே? தேறி வர்ற புள்ளையை எவளாவது மலையில தள்ளுவாளா?"

என் வார்த்தையை எடுத்து என் முன்னாலேயே சுவராகக் கட்டிவிட்டாள்.

அவள் போன பிறகு இத்தோ கடைக்கு வந்து, உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னைக்கு வளையத்தை விரலால தள்ளினீங்க."

"யாரு? நானா? ஃபோர்க்கு அப்படியே ஏறி—"

"கட்டைவிரல் கிரீஸ் அச்சு இருந்துச்சு."

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"டாக்டர் ஒரு நாள் இப்படி சொல்றார், ஒரு நாள் அப்படி. அம்மா நல்லாயிட்டேங்கிறா. பக்கத்து வீட்டுக்காரங்க என் முன்னாடி சிரிக்கிறாங்க. இந்த ஃபோர்க்கு ஒண்ணுதான் உள்ளதைச் சொல்லுது. அதையும் நீங்க தள்ளிவிட்டா நான் யாரைக் கேக்கறது?"

பிறகு சொன்னாள்: "அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொன்னதைத்தான் நம்பினா."

"அடுத்த வருஷம்—" என்று ஆரம்பித்தேன்.

"மாமா."

மார்ச் 11

தங்கையிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று போனேன். போய், முதலில் பிரான்ஸ் பொறியாளர் கதையைச் சொல்லிவிட்டேன். யம்னா மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். பிறகு சொன்னேன். வளையம் கோட்டுக்கு வரவே இல்லை யம்னா. நான்தான் தள்ளினேன். இப்போது ஒரு சின்னப் பிள்ளைக்கு அடிக்கிற காற்றைத்தான் அடிக்கிறேன். அதிலும் அவள் அமுங்கவில்லை.

கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாவைப் பார்த்துக்கொண்டே, "பனி எப்ப விலகும்?" என்று கேட்டாள்.

மார்ச் 12

யம்னா முகம் கொடுத்துப் பேசவில்லை. ரொட்டி மட்டும் அனுப்பியிருந்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

இறங்கினோம்.

விடிந்ததும் பாஸ்ஸு இரண்டு கழுதையோடு வந்துவிட்டான். ஒன்றில் இத்தோ, ஒன்றில் அவள் சைக்கிள். என் பழைய சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு போனேன். வழி முழுக்க பாஸ்ஸு ஓயவில்லை.

"இத்தோ, உன் மாமன் முக்கறதைக் கேக்குறியா? கழுதைக்கே சங்கடமா இருக்கு."

"வாழ்க்கையில ஒருநாளாவது கழுதையைவிட மெதுவா நடக்கட்டும் விடுங்க, பாஸ்ஸு மாமா" என்று சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிழித்தார்கள். எனக்கு அது போதும்போல இருந்தது.

மேலே கடைசிப் பனித்திட்டில் அவள் துணியை விரித்து அள்ளினாள். எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள். பிடித்த கையில் கனமே இல்லை.

ஊரில் நான் என்ன சொல்வேன் என்பது வேறு. இங்கே உள்ளதை எழுதுகிறேன். இத்தோ பறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்றாள். நின்று கைப்பிடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிரேக் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஃபோர்க் அவளைக் கல்லின்மேல் ஏற்றிக் கல்லிலிருந்து இறக்கியது, சத்தமில்லாமல். என் ஆயுளில் நான் செய்த வேலையில் இதுதான் சரியான வேலை. இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நடுவில், "பின்னாடி வராதீங்க மாமா, பக்கத்துல வாங்க" என்றாள்.

"ஒத்தையடிப் பாதைடி, பக்கத்துல எங்க வர்றது?"

"நீங்கதான் மலையையே தள்ளி வைக்கிற ஆளாச்சே!"

சைக்கிளைப் போட்டுவிட்டு, சரிவில் முள்ளுக்குள் அவளோடு கூடவே நடந்தேன். அவ்வளவு மெதுவாகத்தான் போனாள்.

மோர்ப்பானையில் போடும்போது துணியில் பேரீச்சங்கொட்டை அளவு பனி இருந்தது. யம்னா அதைத் தண்ணீராகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் கிண்ணத்தை மகளுக்குக் கொடுத்தாள்.

மார்ச் 25

ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்: கழுகு இறங்கினாற்போல் இறங்கினாள், பின்னால் வந்த எனக்குப் புழுதிதான் தெரிந்தது என்று. இத்தோ எழுந்திருக்கவில்லை. படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றாள்.

ஏப்ரல் 3

காய்ச்சல். பெனி மெல்லாலுக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு இத்தோவை மண்ணில் வைத்தோம்.

ஏப்ரல் 14

மூன்று பெல்ஜியத்துக்காரர்கள் சைக்கிள் கேட்டு வந்தார்கள். பாஸ்ஸு அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான்.

ஏப்ரல் 17

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போயாகிவிட்டது. கடையைத் திறந்தேன். ஓடி வந்த சைக்கிளை அன்றைக்கே கழுவாமல் நான் படுத்ததில்லை. இத்தோவின் சைக்கிள் மட்டும் இறங்கிய அன்று நிறுத்திய இடத்தில், அப்பிய சேற்றோடு அப்படியே நிற்கிறது. செயினில் துரு.

யம்னா வாளியும் துணியுமாக வந்தாள். இந்தக் கடைக்குள் அவள் வாசலைத் தாண்டி வந்ததே இல்லை.

"அண்ணே, இதைக் கழுவணும்."

"நான் அப்புறமா—"

"அவளைக் கழுவினது நாங்க, பொம்பளைங்க. நீ வெளியில நின்னே. இதை நீ கழுவு. நான் தண்ணி ஊத்தறேன்."

சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். வேகமாக ஊற்றக்கூடாது, பேரிங்குக்குள் தண்ணீர் போனால் கெட்டுவிடும் என்று சொன்னேன். அவள் கையால் அள்ளி அள்ளி ஊற்றினாள். நான் துணியால் தேய்த்தேன். டயரின் பல்லுக்குள் சேறு கல்லாகியிருந்தது. விரலால் எடுத்தேன்.

"வெளியில சாம்பலா இருக்கு, உள்ள செகப்பா இருக்கே?" என்று கேட்டாள்.

"சாம்பல் நம்ம ஆத்தோரத்து மண்ணு. செகப்பு மேல, கணவாய்க்குக் கீழ."

"கழுகு மாதிரி இறங்கினான்னு சொன்னே."

வாயில் எத்தனையோ வந்தது. எல்லாம் தயாராக இருந்தது. "ஒவ்வொரு வளைவிலயும் நின்னா யம்னா" என்றேன்.

"தெரியும்" என்றாள். "காலையிலேருந்து கூரைமேலதான் நின்னேன். ஒவ்வொரு வளைவுலயும் பார்த்தேன். திரும்ப ஏறி உட்கார்ந்தாளே, அதையும் பார்த்தேன்."

அள்ளி ஊற்றினாள். தண்ணீர் முதலில் சாம்பலாகப் போனது, பிறகு சிவப்பாக, கடைசியில் வெறும் தண்ணீராக. அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. நானும் துணியைக் கீழே வைக்கவில்லை.