முதல் வரியில் உங்கள் கை

மாமி,

இன்று காலை நகரத்துக் கடையில் மறுபடி அந்த மணம். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் உருகும்போது வருமே, சோளம் வறுத்தது போல. எங்கள் கோயில் பங்கு றீற்றா அக்காவின் கணவருக்கும் உங்களைப்போலக் கை வழங்கவில்லை. அவருக்குச் செய்த வளையத்தை எடுக்கப் போனேன். எடுத்த பிறகும் கடைக் கதிரையிலேயே இருந்துவிட்டேன்.

பாரிசவாதம் வந்த பிறகு உங்கள் வலது கை கரண்டியைப் பிடிக்கவில்லை. நான் ஊட்ட வந்தால் வாயை இறுக்கி மூடுவீர்கள். "மருமகள் ஊட்டித் தின்னிற நிலை எனக்கு இன்னும் வரேல்லை. பசி கிடப்பன்." இரண்டு நாள் கிடந்தும் காட்டினீர்கள்.

அப்போதுதான் மகளின் பழைய மடிக்கணினியில் அந்த இலவசத் திறந்த மூல மென்பொருளைப் பழகினேன். எனக்குப் படம் கீற வராது. இதில் அளவுகளை வரி வரியாக எழுதினால் வடிவம் தானே எழும்பும். உள்ளங்கையைச் சுற்றி ஒரு வளையம், அதில் கரண்டி செருக ஒரு பொந்து. விளிம்புகளை மழுக்கத் தெரியாமல் தவித்தேன். முகம் தெரியாத யாரோ இணையத்தில் எல்லோருக்குமாக எழுதி வைத்திருந்த வரிகளை எடுத்துச் சேர்த்தேன். அவருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன்.

நகரத்துக் கடையில் அச்சிட்ட முதல் வளையம் உளுந்தளவில் வந்தது. தையல் நாடாவால் அங்குலத்தில் அளந்து எழுதியிருந்தேன்; கணினி அதை மில்லிமீற்றராக எடுத்துக்கொண்டது.

"ஆருக்குப் பிள்ளை, எறும்புக்கே செய்தனீ?"

"எறும்பெண்டாலும் நான் குடுக்கிறதைத் தின்னும், மாமி."

அந்த வாத வருத்தம் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தீர்கள். சரியான வளையம் வந்த மதியம், செருகிய கரண்டியோடேயே சிலுவை அடையாளம் போட்டீர்கள். நெற்றியெல்லாம் தேங்காய்ப்பால் சொதி. துடைக்கவும் விடவில்லை.

பிறகு கை மெலியத் தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்து வந்து உள்ளங்கை அகலத்தை மில்லிமீற்றரில் அளந்து, வீட்டுக் கணக்குக் கொப்பியின் ஓரத்தில் குறிப்பேன்: எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, எழுபத்தைந்து. கையின் அளவை முதல் வரியில் தனியாக வைத்திருந்தேன். அதை மாற்றினால், கரண்டிப் பொந்து தவிர எல்லாம் தானாகச் சுருங்கும். கை மெலிந்தது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "வளையம் பெருத்துப்போச்சு, பிள்ளை" என்பீர்கள்.

கடைசியாக அப்படிச் சொன்னபோது நான் உடுப்புத் தோய்த்து முதுகு விறைத்து நின்றேன். "நாளைக்குப் பாப்பம், மாமி." அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் வளையம் கரண்டியோடு கழன்று விழுந்தது. கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து, ஏச்சுக்குக் காத்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் வாயைத் திறந்தீர்கள்.

அந்தக் கிழமை முடியுமுன்பே ஆண்டவரிடம் போய்விட்டீர்கள்.

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "களைப்பு பாவமில்லை, பிள்ளை" என்றார் பங்குச் சுவாமியார். இருக்கலாம்.

போன கிழமை றீற்றா அக்கா கணவரின் கை அளவோடு கேட்டு வந்தபோது, "ஆறுதலாச் செய்யுங்கோ" என்றுதான் சொன்னார். அவரை இருத்தி வைத்து அப்போதே கணினியைத் திறந்தேன். முதல் வரியில் உங்கள் எழுபத்தைந்து அப்படியே இருந்தது. அழித்து, அவருடைய கணவரின் தொண்ணூறை எழுதினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அன்றைக்கு நீங்கள் என் கையால் வாங்கிய அந்த ஒரு கரண்டிக் கஞ்சியைத்தான் கடைக் கதிரையில் இருந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன், மாமி.